வாங்கிய இணைப்பும் வற்றிய குளமும்

2011 பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை. மாலை 7 மணிக்கு அமெரிக்காவில் யாராவது சாம்சோனைட் பயணப்பெட்டி வாங்க நினைத்துக் கூகுளில் தேடியிருந்தால், முதலாவதாக வந்திருக்கும் தளம் ஜே.சி. பென்னி என்ற பெரும் விற்பனை நிறுவனத்துடையது. இரவு 9 மணிக்கு அதே சொற்களைத் தேடியபோது அது 71ஆவது இடத்தில் கிடந்தது. வரவேற்பறைத் தளபாடத்தைத் தேடினாலும் அதே கதைதான்: 7 மணிக்கு முதலிடம், 9 மணிக்கு 68ஆவது இடம். இரண்டு மணி நேரத்துக்குள் கூகுள் அந்த நிறுவனத்தைத் தண்டித்திருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளை வைத்திருந்த நிறுவனம் ஏறத்தாழ மூன்று மாதங்கள் தேடல் முடிவுகளின் அடியிலேயே கிடந்தது.

குற்றம் என்ன? ஆடைகளோடும் தளபாடங்களோடும் எந்தத் தொடர்பும் இல்லாத ஏறத்தாழ இரண்டாயிரம் பக்கங்களிலிருந்து அதன் தளத்துக்கு இணைப்புகள் போடப்பட்டிருந்தன. நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அதைக் கண்டுபிடித்துக் கூகுளிடம் காட்டியது. தனக்கு எதுவும் தெரியாது என்று சொன்ன ஜே.சி. பென்னி, தேடல் வேலைகளைக் கவனித்துவந்த ஆலோசனை நிறுவனத்தை விலக்கிவிட்டது.

இதை எங்கோ நடந்த கதை என்று விட்டுவிட முடியாது. கிளிநொச்சியில் தங்குவிடுதி நடத்துபவர், முல்லைத்தீவில் காட்டுத்தேன் அடைத்து விற்பவர், வவுனியாவில் கணினி வகுப்பு வைத்திருப்பவர் என்று யார் ஒரு தளம் தொடங்கினாலும், கொஞ்ச நாளில் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வரக்கூடும். இவ்வளவு பணம் அனுப்புங்கள், இத்தனை நூறு தளங்களிலிருந்து உங்களுக்கு இணைப்பு வாங்கித் தருகிறோம், கூகுளில் முதற்பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள் என்று அதில் எழுதியிருக்கும். இந்த வியாபாரம் ஒரு காலத்தில் உண்மையாகவே பலன் தந்தது. இன்று பணத்தோடு பெயரையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. இரண்டுக்கும் காரணம் ஒரே சமன்பாடு. அதைக் கிட்டப் போய்ப் பார்ப்பது இணையத்தளம் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல, கணிதத்தில் ஆசை உள்ள எவருக்கும் ஒரு விருந்து.

தன்னைப் பற்றித் தானே சொல்வது

1990களின் நடுப்பகுதியில் அல்ராவிஸ்ரா போன்ற தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் இருந்த சொற்களையே பார்த்தன. நீங்கள் தேடும் சொல் எந்தப் பக்கத்தில் அதிகம் வருகிறதோ, தலைப்பில் வருகிறதோ, அது மேலே வரும். இதை ஏமாற்றச் சின்னப் பிள்ளையாலும் முடியும். ஒரே சொல்லை நூறு தரம் எழுதி, வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக மறைத்துவிட்டால் போதும். வாசகர் கண்ணுக்குப் படாது, இயந்திரம் எண்ணிக்கொள்ளும். தன்னைப் பற்றித் தானே சொல்வதை அப்படியே நம்பியதால் வந்த வினை அது.

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்து, பின்னாளில் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் சேர்ஜி பிரினும் கேள்வியை மாற்றிப் போட்டார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை விடுங்கள், மற்றவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? ஒருவர் தன் பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புப் போடும்போது, இதைப் போய்ப் பாருங்கள், பார்க்கத் தகுந்தது என்று தன் வாசகரிடம் சொல்கிறார். யாரும் கேட்டுச் சொன்ன சாட்சியம் இல்லை அது. உலகம் முழுவதும் அப்படிக் கோடிக்கணக்கான சாட்சியங்கள் ஏற்கெனவே எழுதப்பட்டுக் கிடந்தன. அவற்றைக் கூட்டிப் பார்க்க ஒரு வழிதான் தேவைப்பட்டது.

இந்தச் சிந்தனைக்கு மூதாதையர் உண்டு. அறிவியல் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுவதை எண்ணி, 1964இல் யூஜின் கார்பீல்ட் ஓர் அட்டவணையை வெளியிடத் தொடங்கினார். செல்வாக்குள்ள சஞ்சிகை காட்டும் மேற்கோளுக்குக் கூடுதல் நிறை கொடுக்க வேண்டும் என்று 1976இல் பின்ஸ்கியும் நரினும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பேஜும் பிரினும் அதே பார்வையை இணையம் முழுவதற்கும் விரித்தார்கள். பேஜ்ராங்க் என்ற பெயரில் அவர்கள் எழுதிய ஆய்வறிக்கையில் இன்னும் இருவரின் பெயர்கள் உண்டு. ஒருவர் ரெறி வினோகிராட். மற்றவர் ஜம்முவில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.ரி.யில் படித்து, ஸ்ரான்போர்ட்டில் பேராசிரியரான ராஜீவ் மோத்வானி.

மூன்று குளங்கள்

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சமன்பாட்டைச் சொல்லக் குளங்களே போதும். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து வடக்கு நோக்கி வந்து இரணைமடுவை நிரப்புகிறது. மேலே உள்ள குளம் வான் பாய்ந்தால் கீழே உள்ளதற்குத் தண்ணீர் வரும். இப்போது ஒவ்வோர் இணையப் பக்கத்தையும் ஒரு குளமாக எண்ணிக்கொள்ளுங்கள். இணைப்பு என்பது ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்கு வெட்டிய வாய்க்கால். விதிகள் மூன்று. எல்லாக் குளத்துக்கும் ஒரே அளவு மழை பெய்யும், அந்த அளவு 0.15. குளத்தில் உள்ள தண்ணீரில் 85 வீதம் அதன் வாய்க்கால்களுக்குச் சமமாகப் பிரிந்து போகும். மிச்சம் வெயிலில் வற்றிவிடும்.

ஒரு சின்ன இணையத்தைக் கற்பனை செய்வோம். அதில் ஒரு பாடசாலை, தேன் விற்கும் ஒரு கடை, ஒரு கமக்காரர் அமைப்பு என்று மூன்றே தளங்கள். பாடசாலை கடைக்கும் கமக்காரர் அமைப்புக்கும் இணைப்புக் கொடுத்திருக்கிறது. கடை கமக்காரர் அமைப்புக்குக் கொடுத்திருக்கிறது. கமக்காரர் அமைப்பு பாடசாலைக்குக் கொடுத்திருக்கிறது.

தொடக்கத்தில் மூன்று குளத்திலும் தண்ணீர் 1 என்று வைப்போம். முதற் சுற்றில் பாடசாலைக்கு மழை 0.15, கமக்காரர் அமைப்பிலிருந்து 0.85, மொத்தம் 1. கடைக்கு மழை 0.15, பாடசாலையின் பங்கில் பாதியாக 0.425, மொத்தம் 0.575. கமக்காரர் அமைப்புக்கு மழையோடு பாடசாலையின் மறுபாதியும் கடையின் முழுப் பங்கும் சேர்ந்து 1.425. இரண்டாம் சுற்றில் பாடசாலை 1.36 ஆகிறது, மூன்றாம் சுற்றில் 1.05. ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஊசலாட்டம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் மூன்றும் ஓரிடத்தில் நிற்கின்றன: பாடசாலை 1.16, கடை 0.64, கமக்காரர் அமைப்பு 1.19.

அந்த எண்களை இன்னொரு தரம் பாருங்கள். பாடசாலைக்கும் வரும் இணைப்பு ஒன்று, கடைக்கும் ஒன்று. ஆனாலும் பாடசாலையின் மதிப்பு கடையின் மதிப்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பாடசாலையைச் சுட்டுவது நிறைந்த குளம், அதற்கு இருப்பது ஒரே வாய்க்கால். கடைக்கு வருவது பங்கு பிரித்த தண்ணீர். எத்தனை பேர் சொன்னார்கள் என்பதோடு, யார் சொன்னார், அவர் இன்னும் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்கிறார் என்பதும் கணக்கில் வருகிறது. வழக்கில் சாட்சியை மதிப்பிடும் நீதவானும் இதைத்தான் பார்ப்பார்.

இதில் ஒரு வட்டம் இருப்பது உங்களுக்குப் பட்டிருக்கும். பாடசாலையின் மதிப்பை அறியக் கமக்காரர் அமைப்பின் மதிப்பு தெரிய வேண்டும். அதை அறியப் பாடசாலையின் மதிப்பு தெரிய வேண்டும். இந்த வட்டத்துக்கு விடை உண்டு, அதுவும் ஒரே ஒரு விடைதான் என்பதை இணையம் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே கணிதம் நிறுவிவைத்திருந்தது. 1907இல் பெரோனும் 1912இல் புரோபேனியசும் எண் அட்டவணைகளைப் பற்றி நிறுவிய தேற்றங்கள் அந்த உறுதியைத் தருகின்றன. எங்கிருந்து தொடங்கினாலும் தண்ணீர் அதே மட்டத்துக்கே வரும். பேஜும் பிரினும் 32 கோடியே 20 இலட்சம் இணைப்புகள் கொண்ட தரவில் இதை ஓடவிட்டபோது ஏறத்தாழ 52 சுற்றுகளில் விடை நிலைக்கு வந்துவிட்டது. உலகின் முணுமுணுப்பு எல்லாவற்றையும் கேட்டு, ஐம்பது சுற்றில் ஒரு தீர்ப்பு. பேஜ்ராங்கைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பூட்டுவது இந்த இடம்தான்.

பத்துப் போலிக் குளங்கள்

சாட்சியத்துக்கு மதிப்பு வந்தால் பொய்ச்சாட்சிக்கும் விலை வரும். 2000ஆம் ஆண்டின் முடிவில் கூகுள் தன் கருவிப்பட்டையில் எல்லாப் பக்கங்களின் பேஜ்ராங்க் மதிப்பையும் 0 முதல் 10 வரையான எண்ணாக வெளியில் காட்டத் தொடங்கியது. தராசில் எண் தெரிந்ததும் சந்தை கூடிவிட்டது. 7 எண் உள்ள தளத்திலிருந்து இணைப்பு வேண்டுமா, இவ்வளவு. 5 எண் போதுமா, அது கொஞ்சம் மலிவு. அந்த எண்ணைக் கூகுள் 2016இல்தான் முற்றாக மறைத்தது.

போலி இணைப்பு எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை நமது மூன்று குளங்களிலேயே அளந்து பார்க்கலாம். தேன் கடைக்காரர் யாருடைய பேச்சையோ கேட்டு உள்ளடக்கம் ஏதுமில்லாத பத்துப் பக்கங்களைச் செய்து, பத்திலிருந்தும் தன் கடைக்கு இணைப்புப் போடுகிறார். அந்தப் பத்துக்கும் யாரும் இணைப்புக் கொடுக்கவில்லை. ஆனால் மழை எல்லாருக்கும் பொது. போலிக் குளம் ஒவ்வொன்றிலும் 0.15 விழுகிறது, அதில் 85 வீதம் கடைக்கு வருகிறது. கடையின் மதிப்பு 0.64இலிருந்து 3.10க்கு ஏறுகிறது. ஆனாலும் கடைக்காரருக்குத் திருப்தி இருக்காது. கடையிலிருந்து வாய்க்கால் கமக்காரர் அமைப்புக்கும் அங்கிருந்து பாடசாலைக்கும் போவதால், அவை 4.46, 3.94 என்று கடையை விடவும் உயரத்தில் நிற்கின்றன.

இப்போது அவர் இரண்டாவது வேலையைச் செய்கிறார். கமக்காரர் அமைப்புக்குக் கொடுத்திருந்த இணைப்பை வெட்டிவிட்டு, தன் பத்துப் போலிகளுக்கே திருப்பி இணைப்புக் கொடுக்கிறார். தண்ணீர் கடைக்கும் போலிகளுக்கும் இடையில் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கணக்கைத் தீர்த்தால் கடை 5.80. பாடசாலை 1.16இலிருந்து 0.43க்கும், கமக்காரர் அமைப்பு 1.19இலிருந்து 0.33க்கும் வற்றிவிடுகின்றன. அந்த இரண்டு தளத்தையும் யாரும் தொடவில்லை. அவை எழுதியதில் ஒரு வரியும் குறையவில்லை. ஒருவர் செய்த புரட்டு, எந்தத் தவறும் செய்யாத இருவரைத் தேடலின் அடியில் புதைத்துவிட்டது. இணைப்பு வாங்குவதைச் சிறு தந்திரம், விளம்பரம் போல ஒன்று என்று சொல்பவர்களிடம் இந்த மூன்று எண்களைக் காட்டலாம். வெட்டிய வாய்க்காலுக்குக் கீழே யாரோ ஒருவரின் வயல் காய்கிறது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேஜ்ராங்க் உருவான அதே காலத்தில் ஜோன் கிளைன்பேர்க் என்ற அறிஞரும் இணைப்புகளை வைத்துத் தரம் காணும் வேறொரு முறையைக் கண்டிருந்தார். அந்த முறையிலும் இதே ஓட்டை இருந்தது. அதை அடைக்க முயன்றவர்களில் முன்னணியில் நின்றவர் சென்னை ஐ.ஐ.ரி.யில் படித்துப் பின் அமெரிக்காவுக்குச் சென்ற கிருஷ்ண பரத். கூகுள் செய்திகள் சேவையைப் பின்னாளில் உருவாக்கியவரும் அவரே. 1998இல் அவரும் மொனிக்கா ஹென்சிங்கரும் சொன்ன தீர்வு எளிமையானது: ஒரே வழங்கியில் உள்ள பத்துப் பக்கங்கள் ஒரே பக்கத்தைச் சுட்டினால், ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு பங்கு நிறை மட்டும் கொடு. ஒரு வீட்டுக்காரர் பத்துப் பேர் கையெழுத்து வைத்தாலும் அது ஒரு வீட்டின் கையெழுத்துத்தான். பிறகு ஜோர்ஜ் மிகாயிலாவுடன் சேர்ந்து ஹில்ரொப் என்ற முறையை வகுத்தபோது பரத் இதை இன்னும் இறுக்கினார். ஒரு துறையை நன்கு அறிந்த, ஒன்றோடொன்று உறவில்லாத பக்கங்களின் சாட்சியமே அதில் செல்லும். இரண்டு தளங்களின் வழங்கி முகவரியில் முதல் மூன்று பகுதியும் ஒன்றாக இருந்தால் அவை உறவுக்காரர் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

போலிகளைச் செய்தவர்களும் சும்மா இருக்கவில்லை. வெவ்வேறு நாட்டு வழங்கிகளில், வெவ்வேறு பெயர்களில் தளங்களைப் பரப்பினார்கள். 2004இல் ஸ்ரான்போர்ட்டைச் சேர்ந்த ஜியோங்கி, கார்சியா மொலினா ஆகியோரும் யாகூவின் பீடர்சனும் மழையையே மாற்றிப் பார்த்தார்கள். எல்லாக் குளத்துக்கும் சமமாக மழை பெய்வதால்தானே போலிக்கும் தண்ணீர் கிடைக்கிறது? மனிதர்கள் நேரில் பார்த்து நம்பகமானவை என்று தெரிந்தெடுத்த சில தளங்களில் மட்டும் மழையைப் பொழியவிட்டு, அங்கிருந்து நம்பிக்கை எவ்வளவு தூரம் பாய்கிறது என்று அளந்தார்கள். நல்ல தளங்கள் மோசமான தளங்களுக்கு இணைப்புக் கொடுப்பது அரிது. ஆகவே நம்பகமான இடத்திலிருந்து எட்ட எட்டப் போகத் தண்ணீர் மெலிகிறது, போலிகளுக்கு அநேகமாக வந்து சேருவதே இல்லை. இந்த முறைக்கு நம்பிக்கைத் தரம் என்ற பொருளில் ரஸ்ற்ராங்க் என்று பெயர் வைத்தார்கள்.

தண்டனை இரண்டு வகை

கூகுளில் ஒரு தளம் கீழே போவது இரண்டு விதமாக நடக்கிறது. முதலாவது, நிரலே தானாகச் செய்வது. 2011 பெப்ரவரியில் வந்த பாண்டா என்ற மாற்றம், பிறர் எழுதியதைப் படியெடுத்தும் ஒப்புக்கு எழுதியும் பக்கங்களைப் பெருக்கிய தளங்களை இறக்கியது. பெயர் விலங்கிலிருந்து வந்ததில்லை, அதற்கு வழிகண்ட நவநீத் பாண்டா என்ற பொறியியலாளரின் பெயர் அது. அமெரிக்காவில் நடந்த தேடல்களில் ஏறத்தாழ 12 வீதத்தின் முடிவுகள் அதனால் மாறின. 2012 ஏப்ரல் 24இல் வந்த பெங்குயின் நேரடியாகப் போலி இணைப்புகளைக் குறிவைத்தது. அகப்பட்ட தளங்கள், இணைப்புகளைக் களைந்த பிறகும் அடுத்த சுற்று வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தன. 2016 செப்டெம்பரில் பெங்குயின் தேடலின் உள்ளேயே நிரந்தரமாகச் சேர்க்கப்பட்டபோது அணுகுமுறை மாறியது. தளத்தை இறக்குவதைவிடப் போலி இணைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே பெரும்பாலும் நடக்கிறது. காசு கொடுத்து வெட்டிய வாய்க்கால் வாயிலேயே மண் போட்டு அடைக்கப்படுகிறது. வாங்கியவருக்குத் தண்ணீர் வராது, ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

இரண்டாவது, கூகுள் ஊழியர் ஒருவர் பார்த்து விதிக்கும் தண்டனை. ஜே.சி. பென்னிக்கு நடந்தது இதுதான். தள உரிமையாளருக்குச் சேர்ச் கொன்சோல் என்ற இலவசக் கருவியில் அறிவித்தல் வரும். போலி இணைப்புகளை எடுக்கச் சொல்லிக் கேட்டு, எடுக்க முடியாதவற்றை இவை எனக்கு வேண்டாம் என்று பட்டியலாகக் கொடுத்து, மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கொடுக்கும் வசதி 2012 ஒக்ரோபரில் வந்தது. இணைப்பை வாங்கினால் மட்டும் குற்றம் என்று நினைக்க வேண்டாம், விற்றாலும் இதே தண்டனைதான்.

பெரியவர் சிறியவர் பேதமும் இதில் அவ்வளவு செல்லுபடியாகவில்லை. தேடுபொறிக்கு ஒரு பக்கமும் வாசகருக்கு வேறொரு பக்கமும் காட்டியதற்காக 2006இல் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜேர்மன் தளம் கூகுளிலிருந்தே சில நாட்கள் நீக்கப்பட்டது. 2012இல் குரோம் உலாவியின் விளம்பரத்துக்காகப் பணம் கொடுக்கப்பட்ட பதிவுகளில் இணைப்பு அகப்பட்டபோது கூகுள் தன் சொந்தக் குரோம் பக்கத்தையே ஆகக்குறைந்தது 60 நாட்களுக்குக் கீழே இறக்கியது.

2024 மார்ச்சில் சேர்ந்த விதிகள் இன்னும் மூன்று வழிகளை அடைத்தன: வாசகருக்குப் பயனில்லாத பக்கங்களை இயந்திரத்தாலோ ஆட்களாலோ மொத்தமாக உற்பத்தி செய்வது, நற்பெயர் உள்ள தளத்தின் மூலையை வாடகைக்கு எடுத்துத் தொடர்பில்லாத விளம்பரப் பக்கங்களை ஏற்றுவது, காலாவதியான இணைய முகவரியை வாங்கி அதன் பழைய நற்பெயரில் சவாரி செய்வது.

வன்னியின் வாய்க்கால்கள்

அந்தக் கடைசி விதி நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியது. இணைய முகவரியை யாரும் ஒரேயடியாகச் சொந்தமாக்க முடியாது, ஆண்டுக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு திட்டம் முடிந்து, அலுவலகம் பூட்டி, கட்டணம் கட்ட ஆளில்லாமல் போனால் முகவரி சந்தைக்கு வந்துவிடும். வாங்குபவர் அங்கே சூதாட்டத் தளம் நடத்தினாலும், முன்னாளில் பாடசாலைகளும் சங்கங்களும் நல்லெண்ணத்தோடு கொடுத்த இணைப்புகள் அங்கேயே சுட்டிக்கொண்டிருக்கும். அரச, கல்வித் தளங்களுக்கு இந்த ஆபத்து வேறு வழியிலும் வரும். 2024 மே மாதத்தில், இந்தியாவின் பல மாநில அரசுத் தளங்களில் வெளியார் நுழைந்து வைத்த பக்கங்கள் வாசகர்களைப் பந்தயச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிட்டதை ரெக்கிரஞ்ச் செய்தித்தளம் வெளிக்கொண்டுவந்தது. அரசின் பெயரில் உள்ள முகவரிக்குக் கிடைக்கும் நம்பிக்கையே திருடர்களை அங்கே இழுக்கிறது. மாவட்டச் செயலகம், பிரதேச சபை, வலயக் கல்வி அலுவலகம் என்று எதன் தளத்தைப் பராமரிப்பவரும் தன் தளத்தில் எந்தெந்தப் பக்கங்கள் இருக்கின்றன, அவை எங்கே சுட்டுகின்றன என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

முகவரி மாறும்போதும் தண்ணீர் வீணாகலாம். வவுனியா வளாகம் 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருந்தது, அதன் இணைய முகவரியும் யாழ்ப்பாணத்தின் முகவரிக்குக் கீழ் அமைந்திருந்தது. 2021 ஓகஸ்ட் 1இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனியே எழுந்தது, முகவரியும் தனியானது. இப்படி நிறுவனம் ஒன்று இடம் மாறும்போது, ஆண்டுக்கணக்கில் ஆய்வுக்கட்டுரைகளும் பிற பல்கலைக்கழகங்களும் கொடுத்த இணைப்புகள் பழைய முகவரியையே சுட்டிக்கொண்டிருக்கும். பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் கட்டளை ஒன்றை வழங்கியில் எழுதினால், வாசகரோடு சேர்ந்து மதிப்பும் புதிய இடத்துக்குப் போகும். எழுத மறந்தால் அவ்வளவு காலச் சாட்சியமும் ஆளில்லா வாசலில் நிற்கும். பாடசாலைத் தளத்தை வேறு முகவரிக்கு மாற்றும் ஆசிரியருக்கும் இதே விதிதான்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு வேறோர் இடத்தில் நடக்கிறது. வன்னியில் இன்று எழுதப்படுவதில் பெரும் பகுதி முகநூலுக்கும் வட்ஸ்அப் குழுக்களுக்கும் போகிறது. இந்தச் சிறுபோகத்துக்கு எந்தக் குளத்தில் எவ்வளவு தண்ணீர், எந்த நெல்லினம் எந்த மண்ணில் எடுபட்டது, வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பாதை எப்படி, நந்திக்கடலில் இறால் எப்போது படும் என்பதெல்லாம் அங்கே நாளாந்தம் பேசப்படுகிறது. வட்ஸ்அப் குழுவுக்குள் தேடுபொறி நுழையவே முடியாது. முகநூலிலும் பெரும்பகுதி அதற்குப் பூட்டிய கதவு, அங்கிருந்து வெளியே போகும் இணைப்புக்குச் சாட்சிய மதிப்பும் கிடைப்பதில்லை. மதிப்புக் கொடுக்காதே என்று இணைப்பில் எழுதிவிடும் குறி ஒன்றைத் தேடுபொறிகள் 2005 ஜனவரியில் கொண்டுவந்தன. விக்கிப்பீடியா வெளியே கொடுக்கும் இணைப்புகளிலும் அந்தக் குறி உண்டு. குப்பை இணைப்புகளைத் தடுக்க அது தேவையாகவும் இருந்தது. ஆனால் பக்கவிளைவாக, தமிழில் அதிகம் எழுதும் இடங்களிலிருந்தெல்லாம் வாய்க்கால் வெட்டப்படாமலே போய்விட்டது. தகவல் இருக்கிறது, தேடுபவருக்குக் கிடைப்பதில்லை. லண்டனிலோ ரொறொன்ரோவிலோ வளரும் பிள்ளை தன் தாத்தாவின் ஊரைத் தேடினால், அந்த ஊரில் கால்வைக்காத யாரோ படியெடுத்து ஒட்டிய பத்து வரி முதலில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆங்கிலத்தில் ஒரு பொருளைப் பற்றிக் கோடிப் பக்கங்கள் போட்டிபோடும். அங்கே புதிய ஒருவருக்குப் பொய் இணைப்பில் ஆசை வருவது விளங்கும். முள்ளியவளையின் குளங்களைப் பற்றித் தமிழில் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்? போட்டியே இல்லாத இடத்தில் பொய்ச்சாட்சிக்குப் பணம் கட்டுவது அநியாயச் செலவு. நேர்மையான ஓரிரு இணைப்புகளே இங்கே பெரும் மாற்றத்தைக் கொண்டுவரும். மூன்று குளக் கணக்கில் பாடசாலையை உயர்த்தியது ஒரே ஓர் இணைப்புத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

செய்யக்கூடியவை பணம் கேட்பவை அல்ல. பாடசாலை தன் நூற்றாண்டு மலரில் உள்ள ஊர் வரலாற்றை முகநூல் படமாக விடாமல், தேடக்கூடிய எழுத்தாகத் தன் தளத்தில் ஏற்றலாம். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் எண்ணிம நூலகத்தில் தங்கள் ஊர் மலரும் இருந்தால், அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கலாம். கமக்காரர் அமைப்பு தன் குளத்தின் நீர்ப்பங்கீட்டு முடிவுகளைப் போகந்தோறும் எழுதிவைக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இப்பகுதி மண்ணையும் நீரையும் ஆராய்கிற இடங்கள். தங்கள் ஆய்வு எந்தக் குளத்தைப் பற்றியதோ, அந்தக் குளத்துக் கமக்காரர் எழுதியதையும் ஆய்வாளர்கள் சுட்டலாம். தேன் விற்பவர் தான் தேன் எடுக்கும் காட்டைப் பற்றி, பாலை பூக்கும் காலத்தைப் பற்றி, கலப்படத்தை எப்படி அறிவது என்பதைப் பற்றி எழுதினால், அதைச் சுட்ட ஆசிரியருக்கும் செய்தியாளருக்கும் காரணம் இருக்கும். அப்படி வரும் இணைப்பை எந்தப் பெங்குயினாலும் அசைக்க முடியாது.

இன்றைய தேடலில் பேஜ்ராங்க் பல நூறு அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. பொய்யைப் பிடிக்க இப்போது செயற்கை நுண்ணறிவும் வேலை செய்கிறது. ஆனால் முதற் சமன்பாடு சொன்ன நியாயம் மாறவில்லை. பக்கம் ஒன்றுக்குத் தானாகக் கிடைப்பது 0.15 மட்டுமே. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு துளியும் இன்னொருவர் மனமுவந்து தருவது. வாங்க வேண்டாம், விற்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள், அயலவர் எழுதிய நல்லதைத் தயங்காமல் சுட்டுங்கள். தமிழில் இந்த இரண்டு வேலைக்கும் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.